க்யூவில் நிற்கும் வேலைகள்

பட்டனை அமுக்கினதும் ‘ஆர்டர் ஆச்சு’ன்னு சொல்லிடும். ஆனா மெயில் அனுப்பறது, பணம் எடுக்கறதெல்லாம் பின்னாடி க்யூவில் நின்னுதான் நடக்கும். ரூபிக்காரங்களுக்கு இதுக்கு சைட்கிக். வேலை சொதப்பினா விடாது கருப்பு! நாம மாத்தாத வரை, சுமார் 20 நாளில் 25 தடவை திரும்ப முயற்சிக்கும்.

நல்ல குணம்தான். ஆனா பணத்தை எடுத்தாச்சு, பதில் வரதுக்குள்ள டைம் அவுட்னா? மறுபடி எடுக்கப் போகும். நமக்கு அது ஒரு பக். மாசக் கடைசியில் இருக்கிறவருக்கு வாடகைப் பணம்.

ஸ்ட்ரைப் மாதிரி கேட்வேக்களில் இதுக்கு ஐடெம்பொடன்சி கீ இருக்கு. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரே கீயை அனுப்பினா, ரெண்டாவது தடவை பணம் எடுக்காது. பழைய பதிலையே தரும். ரெண்டு தடவை ஓடினாலும் பாதகமில்லைன்னு தெரிஞ்சாதான் நான் ஒரு வேலையை க்யூவில் போடுவேன்.

நீங்க எப்படி மக்கா?