அன்னை நட்ட பிரண்டை

சோலாப்பூர் ரயில்வே குடியிருப்புக்கு மாற்றலாகி வந்த ஆண்டில், அன்னையார் ஊரிலிருந்து கொணர்ந்த பிரண்டைத் துண்டை நட்டார். அருகே நாங்கள் கத்தரி வைத்தோம். கோடையில் குழாய் வறண்டது. கத்தரி கருகிற்று, பிரண்டை பசுமை மாறாது நின்றது.

கத்தரியும் நெல்லும் வெயிலில் இலைத்துளை திறந்து கரியமில வாயுவை ஏற்கும். அவ்வழியே நீரையும் இழக்கும். இவ்வூர்ச் சோளம் அவ்வாயுவைத் திரட்டிச் செறிவாக்கிக் கொள்வதால், துளையைச் சிறிதே திறந்தால் போதும். கரும்பில் இவ்வழியை 1966-இல் ஹாட்ச், ஸ்லாக் என்போர் விளக்கினர். பிரண்டைத் தண்டோ இரவின் குளிரில் துளை திறந்து, வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் கதவடைத்துக்கொண்டு சமைக்கிறது!

இஃதறியாது, அன்னையார் மறைந்தபின் நாள்தோறும் நீர் வார்த்தோம். வேர் அழுகிற்று. எஞ்சிய ஒரு கணுவை மணலில் ஊன்றியிருக்கிறோம்; வாரம் ஒருமுறையே நீர்.