டாய்லெட் பேப்பரும் அப்பாவின் புல்லட்டும்

மக்களே, குவார்ட்டர் எண்டு முடிஞ்சு ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அதான் இந்தப் பதிவு. விஷயம் என்ஜின் ஆயில் ஃபில்டர். பி.காம் படிச்ச பேங்க்காரனுக்கு இதுல என்ன வேலைன்னு கேட்காதீங்க, வர்றேன்.

அமெரிக்காவில் 1950, 60கள்ல ஃப்ரான்ட்ஸ்னு ஒரு ஆயில் ஃபில்டர் வித்தாங்க. பாக்க சின்ன உலோக டப்பா. மூடியைத் திறந்து உள்ளே எதைப் போடணும் தெரியுமா? கடையில வாங்குற சாதாரண டாய்லெட் பேப்பர் ரோல்! ஜோக் இல்லைங்க. எல்லாத்துக்கும் தண்ணியையே நம்பி வளர்ந்த நமக்குத்தான் சிரிப்பு வரும் :-)

இதை கிறுக்குத்தனம்னு ஒதுக்க முடியாது. ஆரம்பகால கார்கள்ல ஆயில் ஃபில்டரே கிடையாது. 1923ல எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட்ங்கிறவர் கொண்டுவந்ததுதான் ப்யூரோலேட்டர். 'ப்யூர் ஆயில் லேட்டர்'ங்கிறதைச் சுருக்கி வெச்ச பேர். அதுல வடிகட்டினது துணி. அப்புறம் லேத் பட்டறையில கை துடைக்கிற காட்டன் வேஸ்ட்டை டப்பாவுல அடைச்ச ஃபில்டர்கள் வந்தன. கம்பளி ஃபெல்ட் வெச்சதும் உண்டு. ரெசின் ஏத்தி மடிப்பு மடிப்பா மடிச்ச இன்னைக்கு நாம பாக்குற காகிதம் பரவலானது அதுக்கெல்லாம் அப்புறம்தான்.

டாய்லெட் ரோல்ல ஆயில் போறது, சுத்தி இறுகியிருக்கிற அடுக்குகளுக்கு நடுவுல, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு. ரொம்ப நெருக்கமான வழி. அதனால நுண்ணிய கரியெல்லாம் மாட்டிக்கும். என்ஜின்ல சேர்ற ஈரத்தையும் காகிதம் உறிஞ்சிக்கும். ஆனா மொத்த ஆயிலையும் இந்த வழியா அனுப்பினா பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேராது. அதனால இது பைபாஸ் ஃபில்டர். ஒரு சின்னப் பங்கு மட்டும் இதுல சலிச்சு சம்ப்புக்குத் திரும்பும். வண்டி ஓட ஓட, கொஞ்சம் கொஞ்சமா மொத்தமும் சுத்தமாகும். எங்க பாஷையில சொன்னா, மெயின் ஃபில்டர் கவுண்டர்ல ஒவ்வொரு வவுச்சரையும் மேலோட்டமா பாக்குற ஆபீசர். பைபாஸ் ஃபில்டர் உள்ரூம்ல உக்காந்து சிலதை மட்டும் எடுத்துக் குடைஞ்சு பாக்குற கன்கரண்ட் ஆடிட்டர்.

ஆனா இந்த மாதிரி ஃபில்டர் வித்தவங்க சும்மா இருப்பாங்களா? "இனிமே ஆயிலே மாத்த வேண்டாம், ரோலை மாத்திட்டு குறைஞ்ச ஆயிலை ஊத்தினாப் போதும்"னு சொன்னாங்க. இங்கதான் இடிக்குது. ஆயில்ல அமிலத்தை முறிக்கவும் அழுக்கைக் கரைச்சு வைக்கவும் ரசாயனங்கள் சேர்த்திருப்பாங்க. அதெல்லாம் வேலை செஞ்சு செஞ்சு தீர்ந்து போகும். அழுக்கை எடுக்கிற ஃபில்டரால தீர்ந்ததைத் திருப்பித் தர முடியாது.

இப்ப எனக்கு இதுல என்ன வேலைன்னு சொல்றேன்.

அப்பாகிட்ட ஒரு 350 புல்லட். 1984 மாடல், திருவொற்றியூர் ஃபேக்டரியில பிறந்தது. பழைய இரும்பு என்ஜின். அதுல ஃபில்டர் எலிமென்ட் ஃபெல்ட்தான், கம்பி வலை மேல சுத்தின கம்பளித்துணி மாதிரி இருக்கும். அப்பா அதைத் தூக்கிப் போடவே மாட்டார். ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் மண்ணெண்ணெயில அலசி, திண்ணையில நிழல்ல உலர்த்தி, திரும்பப் போடுவார். பாளையங்கோட்டையில வீட்டுக்கு வர்றவங்க "என்ன அண்ணாச்சி, வடாம் காயப் போட்டிருக்கியளா"ன்னு கேட்பாங்க.

2019ல அப்பா போயிட்டார். என்.ஓ.சி வாங்கி, ரயில்ல பார்சல் போட்டு, வண்டியை நாக்பூருக்குக் கொண்டு வந்தேன். இங்க முதல் தடவை பிரிச்ச மெக்கானிக், ஃபெல்ட்டை விரல்ல நசுக்கிக் காட்டினார். நூல் நூலா உதிர்ந்தது. "ஏ நம்தா தோ கயா, சாப்." காகித எலிமென்ட் போடலாம், பின்னாடி வந்த புல்லட்டுக்கெல்லாம் அதான்னு சொன்னார்.

நான் உடனே சரின்னு சொல்லலை. அந்த ஃபெல்ட்டை கடைசியா அலசி வெச்சது அப்பா கை. ஆனா இந்த என்ஜின்ல பம்ப்பிலிருந்து வர்ற ஆயில் ஃபில்டர் வழியாத்தான் பிக் எண்டுக்குப் போகுது. உதிர்ற நூல் அந்த வழியை அடைச்சா கிராங்க் போயிடும். நாளைக்கு வாங்க, சொல்றேன்னு அவரை அனுப்பிட்டேன்.

ராத்திரி தங்கமணிகிட்ட சொன்னேன். அவ பாத்திரம் கழுவிக்கிட்டே சொன்னா: "துணி போனா மாமா கோவிச்சுக்க மாட்டாங்க. என்ஜின் போனாத்தான் கோவிச்சுக்குவாங்க."

மறுநாள் காகிதம் போட்டாச்சு. இப்ப ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் புதுசு வாங்கறேன். பழசை அலசறதில்லை.

யோசிச்சுப் பாத்தா, அப்பா காலத்துல ஃபெல்ட்டை அலசினது சரிதான். சிக்கனம் ஒரு காரணம், வெளியூர்ல சட்டுனு பார்ட்ஸ் கிடைக்காதது இன்னொரு காரணம். அமெரிக்காக்காரன் டாய்லெட் ரோலுக்குப் போனதும் அதே கணக்குதான். எந்த ஊர்லயும் கிடைக்கும், விலை மலிவு. கையில இருக்கிறதை வெச்சு என்ஜினைக் காப்பாத்தப் பாத்திருக்காங்க. அப்பாகிட்ட இருந்து எனக்கு வந்தது அந்தத் துணி இல்லை, தவறாம வண்டியைப் பாத்துக்கிற பழக்கம்னு நினைச்சுக்கறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன்ல அம்மா முதல்ல கேக்கறது பேரனை இல்லை. "வண்டி ஓடுதாய்யா?"

ஓடுதும்மா. சத்தம் அப்படியே இருக்கு.