ஓமந்தையும் ஒன்பதாம் மாடியும்

வவுனியா நகரை விட்டு வடக்கு நோக்கிச் செல்லும் கண்டி – யாழ்ப்பாண நெடுஞ்சாலையில் தாண்டிக்குளத்தைக் கடந்தால், பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தூரத்தில் ஓமந்தை வந்துவிடும். விரைந்து செல்லும் பஸ் வண்டியில் இருப்பவர் சற்றே கண்ணயர்ந்தால் ஊர் கடந்துபோனதை அறியார். சாலையோரத்தில் சில கடைகள், ஒரு புகையிரத நிலையம், மத்திய கல்லூரி, அவற்றுக்கு அப்பால் வயலும் குளமும் காடும். கோபுரம் காணவோ கோட்டை காணவோ இங்கு எவரும் வருவதில்லை. ஆயினும், வடபுலத்துத் தமிழருள் இவ்வூரின் பெயரைக் கேள்விப்படாத குடும்பம் இல்லை எனலாம். அதன் காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

நாம் அங்கு சென்றது ஊரைப் பார்ப்பதற்கு மட்டுமன்று. முதிய வயதில் கடல் கடந்து சென்று, தொடர்மாடிக் கட்டடத்துச் சிறு வீடொன்றில் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கியோர் நம்மவருள் பலர். கனடா நாட்டின் றொறன்ரோ நகரில் அத்தகைய வீடுகள் சிலவற்றை முன்னொருமுறை கண்டிருந்தோம். அங்கு வாழும் மூத்தோர் எதை இழந்து சென்றார்கள் என்பதை, அவர்கள் விட்டுச் சென்ற மண்ணிலேயே நின்று பார்க்க விரும்பினோம்.

சிறிய வீடும் பெரிய வளவும்

வன்னி நிலம் குளத்தை நம்பிய நிலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழை குளங்களில் தேங்க, அந்நீரே பின்னர் நெல்லாகின்றது. மாரி மழையோடு விளைவது காலபோகம். குளத்தில் எஞ்சிய நீரைக் கொண்டு விளைவது சிறுபோகம். மேட்டு நிலங்களில் உழுந்தும் பயறும் கச்சானும் பயிராகும். அப்பால் பாலை, முதிரை, வீரை முதலிய மரங்கள் செறிந்த காடு.

நாம் சென்ற வீடுகளுள் பெரும்பாலானவை சிறியவை, வளவுகளோ பெரியவை. இதனை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் கொண்ட வீட்டில் ஆறேழு பேர் வாழ்வது இங்கு புதுமையன்று. வீடு, பொருளை வைப்பதற்கும் மழைக்கு ஒதுங்குவதற்கும் இரவில் உறங்குவதற்குமே. வாழ்க்கை நடப்பது வளவில். கிணற்றடியில் ஒரு வேலை, மாட்டுக் கொட்டிலில் ஒரு வேலை, முற்றத்தில் பாயில் காயும் உழுந்துக்குக் காவல் என்று முதியவர்களுக்கு ஓயாத அலுவல் உண்டு. பின்னேரத்தில் படலையைத் திறந்துகொண்டு கோயிலுக்கோ அயல்வீட்டுக்கோ ஒரு நடை. வழியிற் காண்போரெல்லாம் பெயர் தெரிந்தவர்கள். "எங்கை ஆச்சி போறியள்?" என்று ஒருவர் கேட்க, அதற்கு மறுமொழி சொல்லவே கால்மணி நேரம் சென்றுவிடும்.

ஆகவே, வெளிநாடு சென்ற முதியவர் சிறிய வீட்டைக் கண்டு கலங்கினார் என்று நாம் எண்ணினால் அது பிழையாகும். சிறிய வீடு அவருக்குப் பழக்கமானதே.

தொடங்கிப் பழகிய ஊர்

புதிதாக வாழ்க்கையைத் தொடங்குவதும் இவ்வூராருக்குப் புதிதன்று. வன்னி என்றாலே காய்ச்சல் என்று பிறர் அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்த ஜே. பி. லூயிஸ் என்பார் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி 1895ஆம் ஆண்டில் ஒரு கைந்நூல் வெளியிட்டார். உடைந்த குளங்களும் மலேரியாவும் குறைந்த குடித்தொகையும் அக்காலத்து வன்னியின் துயரங்கள். 1905ஆம் ஆண்டில் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த புகையிரதப் பாதை இக்காட்டினூடே சென்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டதும் காய்ச்சல் தணியத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது.

காய்ச்சல் போன இடத்துக்குப் போர் வந்தது. 1990ஆம் ஆண்டில் வடக்கே செல்லும் புகையிரதம் நின்றது. 1997ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய 'ஜெயசிக்குறு' என்னும் படை நடவடிக்கை இந்நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கி நகர்ந்தது. 1999ஆம் ஆண்டு நவம்பரில் போர்முனை மீண்டும் தெற்கே திரும்பியது. இரு முறையும் மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாகி, சாலை திறக்கப்பட்டபோது, ஓமந்தை இரு தரப்புக்கும் இடையிலான வாயிலாயிற்று. வடக்கே செல்வோரும் தெற்கே வருவோரும் இங்கு இறங்கி, பொதியை அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, வரிசையில் நின்று நடந்து கடந்தனர். பல ஆண்டுகளுக்குப் பின் தாய் தந்தையரைக் காண வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளும் இவ்வழியே சென்றனர். 2009ஆம் ஆண்டில் போரின் இறுதி நாள்களில் வெளியேறிய மக்கள் பெருந்தொகையினர் ஓமந்தையிற் சோதிக்கப்பட்டே செட்டிகுளம் மனிக் பாம் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். இவ்வூரின் பெயர் எல்லாக் குடும்பங்களிலும் வழங்குவதற்குக் காரணம் இதுவே.

2011ஆம் ஆண்டு மே மாதத்தில் புகையிரதம் ஓமந்தை வரை மீண்டும் வந்தது. 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் நீண்டது. 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் சோதனைச்சாவடி அகற்றப்பட்டது. இன்று வண்டிகள் நில்லாமல் ஓடுகின்றன. எழுபது வயதைக் கடந்த ஒருவர் இங்கு எத்தனை முறை கூரை வேய்ந்திருப்பார், எத்தனை முறை கிணற்றைத் துப்புரவாக்கியிருப்பார் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஒன்பதாம் மாடி

ஓமந்தைக்கு அண்மையில் ஒரு வளவில் நாம் சந்தித்த அம்மையார், காணி அலுவலாகக் கனடாவிலிருந்து வந்து தங்கியிருந்தார். வயது எழுபதுகளின் நடுப்பகுதி. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கணவர் நோயால் மறைந்தார். 2011ஆம் ஆண்டில், தமது 61ஆவது வயதில், மகன் அழைக்க றொறன்ரோ சென்றார்.

அந்நகரில் நம்மவர் குடியேறிய வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தின் பின் கனடா சென்ற தமிழரின் தொகை பெருகியது. 1986ஆம் ஆண்டு ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றிய செய்தி உலகெங்கும் பரவியது. றொறன்ரோ நகரின் நடுவே, 1960களில் எழுந்த பத்தொன்பது உயர்மாடிக் கட்டடங்களைக் கொண்ட செயின்ற் ஜேம்ஸ் ரவுண், நம்மவர் பலருக்கு முதல் வீடாயிற்று. பின்னர் கிழக்கே ஸ்காபரோவில் அவர்கள் பரந்து குடியேறினர்.

அம்மையார் சென்று சேர்ந்ததும் ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் மாடிக்கே. இரண்டு அறை, மகன், மருமகள், பிள்ளைகள் இருவர். பேத்தியின் அறையில் அவருக்கு ஒரு கட்டில். முதல் மாரியில் அவரை வருத்தியது குளிரன்று, பொழுது. ஓமந்தையில் ஆண்டு முழுவதும் ஆறு மணியளவில் விளக்கு வைக்கும் நேரம் வந்துவிடும். அங்கோ மார்கழியில் ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடுகிறது. ஆனி மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குத்தான் கதிரவன் மறைகின்றான். எப்போது விளக்கேற்றுவது என்று தெரியாமற் சில மாதங்கள் தடுமாறினாராம். சாம்பிராணி போட்டால் கூரையிலுள்ள தீ அறிவிப்புக் கருவி அலறிவிடும். நாளடைவில் கடிகாரத்தைப் பார்த்து ஆறு மணிக்கு விளக்கு என்று வகுத்துக்கொண்டார். லிப்டின் பொத்தான், வாசற் கதவின் திறப்பு, பஸ்சின் இலக்கம் ஆகியவற்றைப் பேத்தி கற்பித்தாள்.

ஐந்தாறு ஆண்டுகள் சென்றன. மகன் உழைத்து முன்னேறி, நகருக்கு வெளியே நான்கு அறை கொண்ட வீடொன்றை வாங்கினார். குடும்பம் முழுவதும் அங்கு சென்றது. அம்மையாருக்குத் தனி அறையும் கிடைத்தது. அதன் பின்னரே துன்பம் தொடங்கிற்று. அவர் சொற்களையே இங்கு தருகின்றோம்:

"நல்ல வீடுதான் தம்பி, நான் குறை சொல்லயில்லை. காலமை எல்லாரும் வெளிக்கிட்டால் பின்னேரம்தான் திரும்பி வருவினம். காரில்லாமல் ஒரு கடைக்கும் போகேலாது. வீடு பெரிசு, திறந்து போறதுக்கு எனக்கு ஒரு படலை இல்லை."

ஓராண்டு பொறுத்திருந்தார். பின், பழைய தொடர்மாடியில் தம்மைப் போலவே கணவரை இழந்த ஓர் அம்மையார் ஒற்றை அறை வீட்டில் தனித்திருப்பதை அறிந்து, அங்கு சென்று அவரோடு சேர்ந்து வாழப்போவதாக மகனிடம் கூறினார். வீட்டில் பெரும் மனவருத்தம் மூண்டது. ஊர்வரை கதை பரவியது.

"தாயைத் தனிய விட்டிட்டான் எண்டு இஞ்சை எல்லாரும் கதைச்சினம். அவன் அழுதவன். அவன் விடேல்லைத் தம்பி, நான்தான் வந்தனான். வன்னியிலை எத்தினை தரம் வெறுங்கையோடை தொடங்கினனாங்கள். இது லிப்ட் உள்ள இடம், இதிலை தொடங்கேலாதோ?"

இரு வீட்டுப் பிள்ளைகளும் வாடகையைப் பகிர்ந்து கொடுத்தனர். கீழே இறங்கினால் தமிழ்க் கடை. சாலையைக் கடந்தால் பஸ் தரிப்பிடம். நடக்கும் தூரத்தில் பொது நூல்நிலையம், அதில் தமிழ் நூல்களும் உண்டு. காலையில் ஆங்கில வகுப்பு, வாரத்தில் ஒருநாள் மூத்தோர் சங்கம், வெள்ளிக்கிழமை கோயில். சன்னலோரத்துச் சாடியில் கறிவேப்பிலை. ஞாயிறுதோறும் மகன் குடும்பத்தோடு வர, இவர் சமைத்து வைத்திருப்பார். "இப்ப என்ரை வீட்டுக்கு விருந்தாளி வருகினம்" என்று அவர் சொன்னபோது, அக்குரலில் இருந்த பெருமிதத்தை நாம் மறக்க இயலாது.

அழைப்போர் அறியவேண்டியவை

எல்லா முதியவர்க்கும் இதுவே வழி என்று நாம் கூறவில்லை. நோயுற்றவரும் நடை தளர்ந்தவரும் பிள்ளைகளோடிருப்பதே தக்கது. பெரிய வீட்டில் பேரப்பிள்ளைகளோடு மகிழ்ந்திருப்போரும் பலர். ஆனால், மூத்தோர் தனியே வாழ விரும்பினால் அதனைப் பிள்ளையின் குற்றமாகக் கொள்ளும் வழக்கம் மாறவேண்டும்.

சட்டத்தின் சில செய்திகளையும் குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று. கனடாவில் பெற்றோரை நிரந்தரவாசிகளாக அழைக்கும் பிள்ளை, கியூபெக் மாகாணம் நீங்கலாக, இருபது ஆண்டுகளுக்கு அவர்களைத் தாங்குவதாக அரசுக்கு உறுதியளிக்கவேண்டும். 65 வயதாகி, அந்நாட்டிற் பத்து ஆண்டுகளாவது வாழ்ந்தவருக்கே முதியோர் ஓய்வூதியம் உண்டு. நாம் கண்ட அம்மையாருக்கு அது 71ஆவது வயதிற் கிடைத்தது. தொகை சிறிதே. எனினும், கடைக்குச் செல்கையில் தம் கைப்பையைத் திறக்க முடிகிறதென்பதை அவர் பெரிதாகச் சொன்னார். 2011ஆம் ஆண்டு இறுதியில் அறிமுகமான 'சுப்பர் விசா'வில் வருவோர் 2022 முதல் ஒரு வருகையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். ஆனால் அவர்கள் விருந்தினரே. ஓய்வூதியமோ அரச மருத்துவ வசதியோ அவர்களுக்கில்லை. காப்புறுதி எடுத்தே வரவேண்டும். றொறன்ரோ மாநகரில் முதியோருக்கெனவே 83 கட்டடங்களை நிர்வகிக்கும் பொது நிறுவனமொன்று 2022 முதல் இயங்குகின்றது. அங்கு வருவாய்க்கேற்ற வாடகைக்கு வீடு பெறலாம். காத்திருப்போர் பட்டியல் நீளமானதாகையால் முன்கூட்டியே பதிந்துகொள்ளவேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கும் இதிற் பங்குண்டு. பஸ்சில் எப்படி ஏறுவது, தொலைபேசியில் எவ்வாறு அழைப்பது, வழி தவறினால் எவரை என்ன சொல்லிக் கேட்பது ஆகியவற்றைப் பொறுமையோடு கற்பிக்க ஒரு பேரப்பிள்ளையே போதும். பதிலுக்கு, காய்ச்சலும் போரும் கண்டு மீண்டும் மீண்டும் வீடு கட்டிய ஒருவரின் வாயிலாகவே அவ்வரலாற்றைக் கேட்கும் பேறு அப்பிள்ளைக்குக் கிட்டும்.

முதுமை என்பது புதிதாக எதையும் தொடங்க இயலாத காலம் என்று இளையோர் நினைக்கின்றனர். ஓமந்தை மண்ணில் நின்று பார்க்கையில் அவ்வெண்ணம் நில்லாது. தொடங்கத் தெரியாதவர்களல்லர் நம் மூத்தோர். தொடங்குவதற்கு அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். ஆதலால், அவர்களை அழைத்துக்கொள்ள விரும்பும் பிள்ளைகள், தம் வீட்டில் எத்தனை அறைகள் உண்டென எண்ணுமுன், அவ்வீட்டு வாசலிலிருந்து தாயோ தந்தையோ தனியே நடந்து சென்று திரும்பக்கூடிய இடங்கள் எத்தனை உண்டென எண்ணிப் பார்ப்பாராக.