தாமதித்து வந்த நீலம்

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி வரை உயிரியல் பயின்ற தமிழ் மாணவர் எவரும் ஏ.டி.பி. என்னும் மூன்றெழுத்தை அறியாதிருத்தல் இயலாது. உயிரணு தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் பெரும்பாலும் அப்பொருளின் வழியே கைமாறுகிறது. அதனை முதன்முதலில் பிரித்தெடுத்தோருள் ஒருவர் சென்னையிற் பயின்ற ஓர் இந்தியர் என்பதை அம்மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்? பாடம் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. பாடநூலோ வினைகளை விளக்குகிறதேயன்றி வினைஞரை நினைவூட்டுவதில்லை. ஆதலின் அவர் வரலாற்றைச் சொல்லும் கடமை தமிழ் வகுப்பிற்கே வந்து சேர்கிறது.

எல்லப்பிரகத சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு பீமவரத்திற் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு, எனினும் அவரை உருவாக்கிய நகர் சென்னையே. பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். (தேர்ச்சி விழுக்காட்டைக் கண்டு மனம் சோரும் ஆசிரியர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.) மாநிலக் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து சென்றதால் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்கு மாறாக எல்.எம்.எஸ். சான்றிதழ் மட்டுமே பெற்றார். 1922இல் பாஸ்டன் நகரை அடைந்தபோது அச்சான்றிதழ் அங்கு உதவவில்லை. மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளாக உழைத்தே வயிற்றைக் கழுவினார்.

ஹார்வார்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் பிஸ்க் என்பாருடன் அவர் ஆற்றிய முதற்பணி ஓர் அளவைமுறை. குருதியிலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று காண்பது அதன் நோக்கம். பாஸ்பேட்டுடன் மாலிப்டேட்டைச் சேர்த்து, ஒடுக்கும் பொருளொன்றை இட்டால் கரைசல் நீலமாகும்; நீலத்தின் அடர்த்தியை, அளவு தெரிந்த கரைசலின் நீலத்தோடு ஒப்பிட்டு, உள்ள அளவை அறியலாம். 1925இல் வெளிவந்த இம்முறை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிற் பரவியது.

இனிமேல்தான் சுவையான செய்தி. இம்முறையைத் தசைச் சாற்றில் கையாண்டபோது நீலம் உரிய நேரத்தில் முழுமை பெறவில்லை. சிறிது சிறிதாகவே ஏறிற்று. சோதனை பழுதுபட்டதென்று கரைசலைக் கொட்டிவிட்டிருப்பின் கதை அன்றே முடிந்திருக்கும். ஆனால், தாமதத்திற்குக் காரணம் தேடினர் அவ்விருவரும். தசையில் எளிதிற் சிதையும் பாஸ்பரஸ் சேர்மம் ஒன்று உண்டு. அது அமிலத்தில் மெல்லச் சிதைந்து பாஸ்பேட்டை விடுவிக்க விடுவிக்க, நீலமும் ஏறுகிறது என்று கண்டனர். அதுவே பாஸ்போகிரியேட்டின், அவர்தம் அறிவிப்பு வெளிவந்த ஆண்டு 1927. அதே காலத்தில் இலண்டனில் எக்கிள்டன் இணையரும் இப்பொருளை நெருங்கியிருந்தனர். 1929இல் ஏ.டி.பி. வெளிப்பட்டது, அவ்வாண்டே ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதனைக் கண்டறிந்தார். சுப்பாராவைப் புகழ்வோர் பெரும்பாலும் அவருடைய மருந்துகளையே எடுத்துரைப்பர். பிந்தி வந்த அந்த நீலத்தைப் புறக்கணியாத கண்ணே அவற்றினும் பெரிது எனலாம்.

ஹார்வார்டில் நிலையான பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். அவர் வழிநடத்திய குழுவினர் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். இன்று கருவுற்ற தாய்மார்க்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை அதுவே. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் மருந்தும் அக்கூடத்தினின்றே வந்தது. ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் அமினோப்டெரின் என்னும் பொருளைக் கொண்டு, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குச் சிறிது காலமேனும் நோய் தணியச் செய்தார். அச்செய்தி 1948 சூன் திங்களில் வெளியாயிற்று. ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். அகவை ஐம்பத்து மூன்று.

நம் தேக்காவில், சிராங்கூன் சாலையினின்று பிரியும் வீராசாமி சாலை ஒரு மருத்துவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வழியே நடப்போர் நாள்தோறும் அப்பெயரை உச்சரிக்கின்றனர். சுப்பாராவின் பெயரோ ஆய்வுக்கூடத்தாரின் வாயில் 'பிஸ்க்–சுப்பாராவ் முறை' என்னும் தொடரில் வாழ்கிறது. 1953இல் பூஞ்சை இனம் ஒன்றிற்கும் 'சுப்பாரோமைசிஸ்' என்று பெயரிட்டனர். இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலையை வெளியிட்டது 1995இல்தான். அவர் பிறந்து நூறாண்டு ஆகியிருந்தது.