அது என்ன 'அது'?

சில கேள்விகளுக்குப் பதில் பக்கத்திலேயே இருக்கும். இருந்தும் ஊரே தேடும். உலகமே தேடிய ஒரு 'அது'வைப் பற்றிச் சொல்கிறேன்.

1993-ல் மீட் லோஃப் என்ற அமெரிக்க ராக் பாடகர் பாடி, 28 நாடுகளில் முதலிடம் பிடித்த பாட்டு 'ஐ'ட் டூ எனிதிங் ஃபார் லவ்'. எழுதியவர் ஜிம் ஸ்டைன்மன். தலைப்போடு அடைப்புக்குறிக்குள் ஒரு வால் உண்டு. இரண்டையும் சேர்த்தால், காதலுக்காக எதையும் செய்வேன், ஆனால் 'அதை' மட்டும் செய்யமாட்டேன் என்று அர்த்தம். ஆல்பத்தில் 12 நிமிஷம் ஓடும். பியானோவோடு முணுமுணுத்து, போகப்போக டிரம்ஸும் கிடாரும் சேர்ந்து கூரையைப் பிய்க்கும் 'பவர் பாலட்' ரகம்.

சரி, அந்த 'அது' என்ன? நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள். தமிழிலும் 'அது' என்று இழுத்துச் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள் இல்லையா?

மீட் லோஃப் பதில் சொல்லி அலுத்துப்போனார். 1998-ல் வி.எச்.1 சேனல் நிகழ்ச்சி ஒன்றில் கரும்பலகை, குச்சி சகிதம் வாத்தியார் மாதிரி பாடமே நடத்தினார். விஷயம் வெறும் இலக்கணம். 'அது' என்ற சுட்டு எதையும் ஒளித்துவைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தின வரியைத்தான் காட்டுகிறது. இந்த நிமிஷத்து உணர்வை மறப்பது, உன்னைக் கனவு காண்பதை விடுவது... இதையெல்லாம் செய்யமாட்டேன் என்கிறான். அவ்வளவுதான்.

ஆனாலும் ஜோக் நிற்கவில்லை. 1997-ல் வந்த 'ஸ்பைஸ் வேர்ல்ட்' படத்தில் மீட் லோஃப் பஸ் டிரைவர். டாய்லெட்டைச் சரிபண்ணச் சொன்னால், இந்தப் பெண்களுக்காக எதையும் செய்வேன், அதை மட்டும் மாட்டேன் என்பார். தியேட்டரே சிரித்திருக்கும்.

பாட்டின் கடைசியில் ஒரு பெண் குரல் வரும். லொரெய்ன் கிராஸ்பி பாடியது. (மைக்கேல் பே இயக்கிய வீடியோவில் வாயசைத்தது வேறொருவர்.) அவள் அடுக்கடுக்காகக் கேட்கிறாள், எல்லாவற்றுக்கும் சரி என்கிறான். பிறகுதான் குண்டு. கொஞ்ச நாளில் எல்லாம் மறந்து, வேறு பெண்களைத் தேடிப் போய்விடுவாய் என்கிறாள். அதைச் செய்யமாட்டேன் என்கிறான். யார் ஜெயித்தார்கள் என்று பாட்டு சொல்வதில்லை.

இதை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தேன். கீரை ஆய்ந்தபடி கேட்ட என் மனைவி, ''எதையும் செய்வேன்னு யார் வேணா சொல்லலாம். எதைச் செய்யமாட்டேன்னு கேட்டு வெச்சுக்கணும். அதானே கணக்கு?'' என்றாள். கரும்பலகை தேவைப்படவில்லை.

நாம் ஏன் அந்த 'அது'வில் அசிங்கத்தைத் தேடினோம் என்று இப்போது புரிகிறது. ஒருத்தனிடம் ரகசியம் இருக்கிறது என்றால் உடனே நம்புகிறோம். மறக்கமாட்டேன் என்று ஒருத்தன் சொன்னால்தான் நம்பமுடியவில்லை. மலையைப் பெயர்ப்பேன், கடலைக் குடிப்பேன் என்பதெல்லாம் சுலபம். யாரும் பெயர்க்கச் சொல்லப்போவதில்லை. விட்டுப் போகமாட்டேன் என்பதற்குத்தான் தினமும் பரீட்சை.

ஸ்டைன்மன் 2021-ல் போய்விட்டார். அடுத்த வருஷம் மீட் லோஃப். கேள்வி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை யாராவது உங்களிடம் ''உனக்காக எதையும் செய்வேன்'' என்றால் சந்தோஷப்படுங்கள். கூடவே, ''எதைச் செய்யமாட்டே?'' என்றும் கேட்டுவையுங்கள்.