இமை மேல் ஒரு கோடு

சியோல் நகரின் அழகுச் சந்தையில் கண்ணிமை ஆபரேஷன் செய்துகொள்வது எளிது. வேண்டாம் என்று சொல்வதுதான் கடினம்.

ஹான் நதிக்குத் தெற்கே இருப்பதால் அந்தப் பகுதிக்குக் கங்னம் என்று பெயர். 'நதிக்குத் தெற்கு' என்பதுதான் அந்தச் சொல்லின் பொருளே. 2012-ல் பாடகர் சை, குதிரை ஓட்டுவதுபோல் ஆடிப் பாடிய 'கங்னம் ஸ்டைல்' மூலம் உலகம் அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டது. சியோல் சுரங்க ரயிலின் மூன்றாம் தடத்தில் ஏறி, அப்குஜோங் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால், அந்தப் பாட்டு எதைக் கிண்டல் செய்தது என்பது புரிந்துவிடும். கார்கள் பளபளக்கின்றன. கடைகள் பளபளக்கின்றன. முகங்களும்தான்.

தரைத்தளத்தில் மருந்துக் கடை. அதற்கு மேல் மாடிக்கு மாடி கிளினிக்குகள். கண்ணுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று, தோலுக்கு இன்னொன்று. நடைபாதையில் தொப்பியை இழுத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் அணிந்த பெண்கள் மருந்துப் பையோடு போகிறார்கள். மாஸ்க்குக்கு வெளியே பிளாஸ்திரி எட்டிப் பார்க்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோயில் தெருவில் மொட்டைத் தலையைப் போல, இங்கே வீங்கிய முகம்.

எப்போதுமே இந்த இடம் இப்படி இருந்ததில்லை. 15-ம் நூற்றாண்டில் ஹான் மியோங்-ஹ்வே என்ற செல்வாக்குள்ள அமைச்சர், பதவியின் சலிப்பைத் தீர்த்துக்கொள்ள நதிக்கரையில் ஒரு மண்டபம் கட்டினார். அப்குஜோங் என்பது அந்த மண்டபத்தின் பெயர். கடற்காகங்களோடு நட்புப் பாராட்டும் மண்டபம் என்று பொருள். மண்டபம் இன்று இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு நினைவுக்கல் மட்டும் இருக்கிறது. 1960-கள் வரை இங்கே பேரிக்காய்த் தோப்புகளும் வயல்களும்தான். 1969-ல் மூன்றாவது ஹான் பாலம் திறக்கப்பட்டது. 1970-களில் குடியிருப்புகள் எழுந்தன. பணம் ஆற்றைக் கடந்து வந்தது. பின்னாலேயே டாக்டர்களும் வந்தார்கள்.

இந்தத் தெருவின் நிரந்தரச் சரக்கு கண்ணிமை. கொரிய மொழியில் அதற்குச் 'சாங்க்கொபுல்' என்று பெயர்: இரட்டை இமை. கண்ணைத் திறக்கும்போது மேலிமையில் விழும் மெல்லிய மடிப்புதான் அது. இமையைத் தூக்கும் தசையின் நார்கள் மேல்தோலோடு பிணைந்திருந்தால் மடிப்பு விழும், இல்லாவிட்டால் விழாது. கொரியர்களில் பலருக்குப் பிறவியிலேயே மடிப்பு உண்டு. பலருக்கு இல்லை. பார்வைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்ணை இமை காப்பதுபோல் என்று தமிழில் சொல்வோம். நம் மொழியில் இமைக்குக் காவல் வேலை. அப்குஜோங்கில் அந்தக் காவலாளியைத்தான் முதலில் நிறுத்தி விசாரிக்கிறார்கள்.

எனக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். முப்பத்தெட்டு வயது. ஆங்கிலமும் ஜப்பானியமும் தெரியும். வெளிநாட்டிலிருந்து வரும் நோயாளிகளுக்காக டாக்டரின் அறையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பதுதான் பிழைப்பு. தொழிலுக்குக் குறைவில்லை. வெளிநாட்டு நோயாளிகளை அழைத்துவரக் கொரியச் சட்டம் 2009-ல் வழிவிட்டது. 2023-ல் சுமார் 6 லட்சம் பேர் வந்தார்கள். 2024-ல் அந்த எண்ணிக்கை 11 லட்சத்தைத் தாண்டியது. இவர்களில் மிகப் பெரும் பங்கினர் தோல் சிகிச்சைக்கு வருபவர்கள்.

அவரும் நானும் ஒரே தொழில் என்பதால் பேச்சு சீக்கிரமே ஒரு பழைய கதைக்குப் போனது. இந்த ஆபரேஷனைப் பற்றி முதலில் எழுதியவர் மிகாமோ என்ற ஜப்பானிய டாக்டர். ஆண்டு 1896. ஒரு கண்ணில் மடிப்பு இருந்து மறு கண்ணில் இல்லாத பெண்ணுக்கு, பட்டு நூலால் தையலிட்டு இரண்டையும் ஒன்றாக்கினார். வெள்ளைக்காரரைப் போல ஆக வேண்டும் என்ற ஆசை அங்கே இல்லை. தன் ஒரு கண்ணைப் போல மறு கண் ஆக வேண்டும், அவ்வளவுதான்.

கொரியக் கதை வேறு. போர் ஓய்ந்த மறு ஆண்டு, 1954-ல், அமெரிக்கக் கடற்படைவீரர் பிரிவோடு வந்த டாக்டர் டேவிட் ரால்ஃப் மில்லார்ட், தீக்காயம் பட்டவர்களுக்கும் உதடு பிளந்த குழந்தைகளுக்கும் சிகிச்சை செய்தார். அவரிடம் ஒரு கொரியர் வந்து தன் கண்ணை 'உருண்டைக் கண்'ணாக்கித் தரக் கேட்டார். வந்தவர் ஆங்கிலம் நன்றாகப் பேசும் மொழிபெயர்ப்பாளர். தன் கண்ணைப் பார்த்து அமெரிக்கர்களால் தன் மனதைப் படிக்க முடியவில்லை, அதனால் நம்ப மறுக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். 1955-ல் மில்லார்ட் இதைக் கட்டுரையாக எழுதினார். ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு வார்த்தை போதவில்லை, முகத்தையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது என்பதை இருவரும் சிறிது நேரம் பேசாமல் யோசித்துக்கொண்டு நடந்தோம்.

வழிகாட்டி பத்தொன்பது வயதில் செய்துகொண்டவர். சுனுங் என்கிற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடிந்ததும் பெற்றோர் தந்த பரிசு. நவம்பர் மாதத்தில் நடக்கும் அந்தத் தேர்வு கொரியாவில் தேசிய விரதம் போன்றது. ஆங்கிலம் கேட்டு எழுதும் பகுதி நடக்கும் நேரத்தில் விமானங்கள்கூட ஏறி இறங்குவதில்லை. தேர்வு முடிந்ததும் கிளினிக்குகளில் கூட்டம் சேர்ந்துவிடும். ஹால் டிக்கெட்டைக் காட்டினால் தள்ளுபடி தருகிற கிளினிக்குகள் உண்டு. 2015-ல் காலப் கொரியா நடத்திய கருத்துக் கணிப்பில், முப்பது வயதுக்கு உட்பட்ட பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு அழகு ஆபரேஷன் செய்துகொண்டதாகச் சொன்னார்.

நான் போனது நவம்பர் இறுதி. வழிகாட்டியின் அக்கா மகள் அப்போதுதான் தேர்வெழுதியிருந்தாள். பெண்ணுக்குப் பதினெட்டு வயது. பத்தொன்பது நிரம்பாததால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அம்மா கையெழுத்துப் போடத் தயார். ஆலோசனைக்குச் சித்தியைத் துணைக்கு அழைத்தாள். சித்தி என்னையும் சேர்த்துக்கொண்டார்.

முதலில் பார்ப்பது டாக்டரை அல்ல. 'சில்ஜாங்' என்று அழைக்கப்படும் ஆலோசனைப் பெண்மணியை. மெல்லிய கம்பி ஒன்றால் அந்தப் பெண்ணின் இமையை லேசாக அழுத்திக் காட்டினார். கண்ணாடியில் மடிப்பு விழுந்தது. கம்பியை எடுத்ததும் மறைந்தது. இரண்டு வழிகள் இருப்பதாக விளக்கினார். ஒன்று, தோலைக் கிழிக்காமல் நுண்ணிய துளைகள் வழியே நூலைச் செலுத்தி முடிச்சிடுவது. அரைமணி வேலை. வீக்கம் சில நாளில் வடியும், ஆனால் நாளடைவில் முடிச்சு தளர்ந்து மடிப்பு அவிழலாம். மற்றது, கீறி, அதிகத் தோலை அகற்றித் தைப்பது. அது நிரந்தரம். தையல் பிரிக்க ஐந்தாறு நாள், முழுவடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். தொகை பன்னிரண்டு லட்சம் வான். அதற்கு மேல் பத்து சதவீத வரி. 2011 முதல் அரசு இந்த ஆபரேஷனுக்கும் மதிப்புக் கூட்டு வரி விதிக்கிறது. டாக்டர் வந்தது கடைசி ஐந்து நிமிடத்துக்கு.

ஆபத்துகளைச் சில்ஜாங் வேகமாகச் சொன்னார். சித்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டு கண்ணும் ஒன்றுபோல் அமையாமல் போகலாம். தழும்பு தெரியலாம். கண் உலர்ந்து எரியலாம். தோலை அதிகமாக எடுத்துவிட்டால் தூக்கத்தில் கண் முழுதாக மூடாது. மிக மிக அரிதாக, கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து பார்வைக்கே கேடு வரலாம். தினமும் அந்நியர்களுக்காக மொழிபெயர்க்கும் வாக்கியங்கள்தான். சொந்தப் பெண்ணிடம் சொல்லும்போது வேறு மாதிரி ஒலிப்பதாகப் பிறகு சொன்னார்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி, கத்தி பிடிக்கப்போவது யார் என்பது. ஆலோசனை சொன்ன டாக்டர் ஒருவர், மயக்கம் கொடுத்த பிறகு ஆபரேஷன் செய்பவர் வேறொருவர் என்ற 'ஆவி ஆபரேஷன்' புகார்கள் இந்த நாட்டை உலுக்கியிருக்கின்றன. 2016-ல் தாடை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு கல்லூரி மாணவர் ரத்தப்போக்கால் இறந்தார். ஆபரேஷன் அறையின் கேமராப் பதிவை வாங்கி, நொடி நொடியாகப் பார்த்துக் குறிப்பெடுத்த அவருடைய தாயின் போராட்டம் சட்டமாயிற்று. நோயாளி நினைவிழந்திருக்கும் ஆபரேஷன்களில், அவர் கேட்டால் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்தது.

வெளியே வந்ததும் பெண்ணிடம் கேட்டேன்: உனக்கு இது வேண்டுமா? வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "செய்துகொண்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். செய்துகொள்ளாவிட்டால்தான் கேட்கிறார்கள்" என்றாள். அவள் வகுப்பில் அநேகமாக எல்லோரும் தேதி குறித்துவிட்டார்கள். அவளும் ஜனவரிக்கு முன்பணம் கட்டியிருந்தாள்.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனோம். அங்கே இன்னொரு ஜோடிக் கண்கள் ஆறிக்கொண்டிருந்தன. பாட்டிக்கு அறுபத்தாறு வயது. பத்து நாள் முன்பு அவருக்கும் இமை ஆபரேஷன். வயதால் தோல் தொங்கி இமைமயிரை அழுத்த, அது கண்ணில் குத்தி எந்நேரமும் நீர் வடிந்தது. கொரியாவில் இதற்கு வெட்கப்படும் காலம் போய்விட்டது. 2005-ல், பதவியில் இருந்தபோதே அதிபர் ரோ மூ-ஹியூன் தொங்கிய இமைகளுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, புதிய கண்களோடு மக்கள் முன் வந்தார். அப்படியும் பாட்டி பல வருடம் தள்ளிப்போட்டார். இந்த வயதில் யார் பார்க்கப்போகிறார்கள் என்பது அவர் வாதம். நீங்கள் பார்க்க வேண்டாமா என்று மகள்கள் கேட்டு ஜெயித்தார்கள்.

முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், பிறகு வெந்நீர் ஒத்தடம். தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். ஊதா மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்துக்கொண்டிருந்தது. வீக்கம் வடியப் பூசணிச் சாறு குடிக்க வேண்டும் என்பது வீட்டு வைத்தியம். அட்டைப்பெட்டி நிறையப் பாக்கெட்டுகள் இருந்தன. குனியக் கூடாது, உப்புக் கூடாது என்ற இரண்டு கட்டளைகள்தான் அவரை வாட்டின. நவம்பர் இறுதி என்பது கிம்ஜாங் காலம். குளிர்காலத்துக்கு வேண்டிய கிம்ச்சியைக் குடும்பமே கூடி ஊறப்போடும் திருவிழா. நாற்பது வருடமாக முட்டைக்கோஸுக்கு உப்புத் தடவியவர், நாற்காலியில் உட்கார்ந்து மகள்களை அதட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் யாரோ ஒருத்தி தன்னைப் பார்த்து ஆச்சரியப்படுவதாகச் சொல்லிச் சிரித்தார். சிரித்தால் தையல் இடம் இழுக்கிறது என்று உடனே நிறுத்திக்கொண்டார்.

உடம்பு ஆயிரம் பொன் என்றால் கண் தொள்ளாயிரம் பொன் என்பது கொரியப் பழமொழி. பாட்டி அதைச் சொன்னது பார்வைக்காக. தெருவில் அதை விற்பது தோற்றத்துக்காக. ஒரே ஆபரேஷன், ஒரே வீடு. ஒருத்திக்குக் கண் தெரிய, மற்றவளுக்குக் கண் பிறருக்குத் தெரிய.

அழகின் அளவுகோல் இங்கேயும் ஒரே இடத்தில் நின்றதில்லை. கான்சோங் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், ஜோசோன் காலத்து ஓவியர் சின் யுன்-போக் வரைந்த 'அழகியின் சித்திரம்' இருக்கிறது. அவளுக்கு மெல்லிய கண். இமையில் மடிப்பில்லை. பள்ளி மாணவர் அனைவருக்கும் தெரிந்த ஓவியம் அது. மடிப்பில்லாத கண்ணை 'முசாங்' என்று பிரியமாக அழைக்கும் ரசனையும் திரும்பி வந்திருக்கிறது. சுரங்க ரயில் நிலையங்களின் 'முன்பு, பின்பு' விளம்பரங்கள் மீது புகார்கள் குவிந்ததால், அவற்றைப் படிப்படியாக நிறுத்துவதாகச் சியோல் மெட்ரோ 2017-ல் அறிவித்தது. அதே ஆண்டு அரசுத்துறை வேலை விண்ணப்பங்களில் புகைப்படம் ஒட்டும் வழக்கத்தை அரசு நீக்கியது. 2018-ல் இளம்பெண்கள் பலர் 'கச்சையைக் கழற்று' என்ற இயக்கமாக, உதட்டுச்சாயத்தையும் பவுடரையும் நொறுக்கிப் படமெடுத்து வெளியிட்டார்கள். ஆனால் தனியார் கம்பெனிகள் பல இன்னும் படம் கேட்கின்றன. அப்குஜோங்கின் லிஃப்டுகள் காலியாக மேலே போவதில்லை.

சித்தியிடம் கேட்டேன்: பத்தொன்பது வயதில் எடுத்த முடிவுக்கு வருந்துகிறீர்களா? இல்லை என்றார் உடனே. பிறகு, அது தன் முடிவுதானா என்று மட்டும் தெரியவில்லை என்றார். அதனால்தான் அக்கா மகளிடம் செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. ஆபத்துகளை இரண்டு தடவை சொல்ல வைத்ததோடு சரி.

ஜனவரி நடுவில் அவரிடமிருந்து நாலு வரி வந்தது. பாட்டியின் கண்ணில் நீர் வடிவது நின்றுவிட்டது. கிம்ச்சியில் உப்பு அதிகம் என்று இன்னமும் குறை சொல்கிறார். பெண் தேதியைத் தள்ளிவைத்திருக்கிறாள்; ரத்து செய்யவில்லை. கல்லூரி அடையாள அட்டைக்குப் படமெடுக்கப் போனபோது, ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் இமைக்கு ஒரு கோடு போட்டுத் தரட்டுமா, காசு வேண்டாம் என்றாராம். "வேண்டாம்" என்றிருக்கிறாள். அவர் ஏன் என்று கேட்டாராம்.