விளையாட்டுக்கும் ஒரு பட்டமா?

திருமண வீடுகளில் என்னைத் தவறாமல் வந்தடையும் கேள்வி ஒன்று உண்டு. நெய்ச்சோறும் தாளிச்சாவும் பரிமாறப்படும் வேளையில், அருகில் அமர்ந்திருக்கும் உறவினர் மெல்லக் கேட்பார்: "அமெரிக்காவில் உள்ள உங்கள் பேத்தி என்ன படிக்கிறாள்?"

"மருத்துவத் துறையில்தான்" என்பேன். உடனே பேச்சை மணமகன் பக்கம் திருப்பிவிடுவேன். நான் சொன்னது பொய்யன்று. உண்மையை மறைப்பதற்காகச் சொல்லப்பட்ட மெய். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழும் ஒழுக்கமும் கற்பித்த ஆசிரியன் நான். அப்படி மறைத்ததற்காக இன்று வெட்கப்படுகிறேன். அந்த வெட்கத்தை இறக்கி வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு ஒரு நள்ளிரவில் பென்சில்வேனியாவிலிருந்து என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். குரலில் அழுகை இருந்தது. "வாப்பா, இவள் டாக்டருக்குப் படிக்கமாட்டாளாம். ஏதோ தெரபியூட்டிக் ரெக்ரியேஷன் என்கிறாள். நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றாள். அச்சொற்களின் பொருளை அகராதியில் தேடினேன். பொழுதுபோக்கின் வழியே நோயாளருக்குச் சிகிச்சை செய்வது என்று விளங்கிற்று. எனக்குச் சினம் மூண்டது. மறுநாள் பேத்தியை அழைத்து, "ஓடி விளையாடவும் பாட்டுப் பாடவும் ஒரு பட்டமா? இதற்காகவா உன் வாப்பா இரவும் பகலும் உழைக்கிறார்?" என்று கடிந்துகொண்டேன்.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "நன்னா, நன்னிக்காகத்தான்" என்றாள். எனக்கு மேற்கொண்டு பேச நா எழவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

என் மனைவி பத்தமடையில் பிறந்தவள். அவ்வூர்ப் பெண்மக்கள் பலரைப் போல, பாவாடை கட்டிய வயதிலேயே பாய்த்தறியின் முன் அமர்ந்தவள். கோரையை மயிரிழை போலக் கீறுவதும், ஆற்று நீரில் ஊறவைப்பதும், சாயமேற்றுவதும், இழையிழையாகச் சேர்த்துப் பட்டுப்போல நெய்வதும் அவளுக்கு மூச்சு விடுவதைப் போன்ற செயல்கள். மணமாகி என் ஊருக்கு வந்த பின்னும் சிறு தறியொன்றை விடாமல் வைத்திருந்தாள். மாலையில் அவள் நெய்வாள். நான் அருகில் அமர்ந்து பத்திரிகைகளையும் கதைகளையும் உரக்கப் படிப்பேன். கைகள் தறியிலும் காதுகள் என்னிடத்திலும் இருக்கும். படிக்கையில் ஒரு வரியை நான் தவறவிட்டால் கண்டுபிடித்துவிடுவாள்.

2011இல் அவளைப் பக்கவாதம் தாக்கிற்று. வலக்கை செயலிழந்தது, பேச்சு குழறிற்று. மருத்துவத்தில் நாங்கள் குறை வைக்கவில்லை. உடற்பயிற்சி செய்விப்பவர் நாள்தோறும் வந்து கையையும் காலையும் நீட்டி மடக்கிச் சென்றார். ஆறு மாதத்தில் தடியூன்றி நடந்தாள். மருத்துவரும் மன நிறைவடைந்தார். ஆனால் அவளோ சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தாள். "நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், பேசாமல் இருங்கள்" என்று வீட்டில் எல்லோரும் அன்போடு சொன்னோம். தறியைச் சுருட்டிப் பரணில் ஏற்றினோம். சொற்கள் அவளுக்கு விளங்காமற் போயினவோ என்றெண்ணி, நானும் படித்துக்காட்டுவதை நிறுத்திவிட்டேன்.

2013ஆம் ஆண்டு விடுமுறைக்கு மகள் குடும்பத்தோடு வந்தாள். அப்போது பேத்திக்கு வயது பன்னிரண்டு. பரணில் எதையோ தேடியவள், சாயமேற்றிய கோரைக் கட்டையும் தறியையும் கண்டாள். நன்னியின் முன் அவற்றைப் பரப்பி, "எனக்குக் கற்றுக்கொடுங்கள்" என்று நச்சரித்தாள். நன்னியின் இடக்கையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டு, தோன்றியபடி கோரையைச் செருகினாள். மூன்றாம் நாள் நான் முற்றத்தில் அமர்ந்திருந்தபோது உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "அது இல்லை... சிவப்பு." இரண்டாண்டுகளில் நான் கேட்டிராத தெளிவோடு வந்த குரல் அது. ஓடிச்சென்று பார்த்தேன். பேத்தி செருகிய பச்சைக் கோரையை என் மனைவி இடக்கையால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சினம் இருந்தது. அந்தச் சினத்தைக் கண்டு நான் அழுதேன்.

பேத்தி ஊர் திரும்பினாள். தறி மீண்டும் பரணுக்குச் சென்றது. "பாவம், அவளுக்குச் சிரமம்" என்று சொல்லி அதை ஏற்றியவன் நான்தான். 2016இல் என் மனைவி இறைவனடி சேர்ந்தாள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

2022இல் மகளின் வற்புறுத்தலால் நான் அமெரிக்கா சென்றேன். பேத்தி அப்போது மூன்றாம் ஆண்டு மாணவி. அவளுடைய மேசையில் இருந்த புத்தகங்களை ஐயத்தோடு புரட்டினேன். உடற்கூற்றியலும் உடலியங்கியலும் இருந்தன. பிறழ்நிலை உளவியல் இருந்தது. பிறப்பு முதல் முதுமை வரை மனிதன் வளரும் வகையைக் கூறும் நூலும் இருந்தது. விளையாட்டைத் தேடினேன், அது அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது.

ஒருநாள் அவள், "நன்னா, எனக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்கள் நோயாளியாக இருக்க வேண்டும்" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே இசைந்தேன். தாளும் எழுதுகோலுமாக எதிரில் அமர்ந்து கேட்கலானாள். மருந்தைப் பற்றியோ, வலியைப் பற்றியோ முதலில் கேட்கவில்லை. "நேரம் போவதே தெரியாமல் நீங்கள் செய்த செயல் எது? அதை யாரோடு செய்தீர்கள்? கடைசியாக எப்போது செய்தீர்கள்? ஏன் விட்டுவிட்டீர்கள்?"

முதல் கேள்விக்கே என் சிரிப்பு நின்றுவிட்டது. "படித்துக்காட்டுவது" என்றேன். "யாருக்கு?" என்றாள். "உன் நன்னிக்கு." "எப்போது நிறுத்தினீர்கள்?" என்று அவள் கேட்டபோது, மனைவி இறந்த ஆண்டைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது உண்மையன்று. அவள் உயிரோடு, என் கண்முன் அமர்ந்திருந்த ஐந்தாண்டுக் காலமும் நான் படித்துக்காட்டவில்லை. சொற்களை இழந்தவளிடமிருந்து, அவள் கேட்டு மகிழ்ந்த சொற்களையும் நானே பறித்துவிட்டேன். இதைப் பேத்தியிடம் சொன்னேன். அவள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கேள்விகளுக்குத்தான் இக்கல்வியில் முதலிடம். நோயாளரை அறிதல், அவருக்கெனத் திட்டமிடுதல், அதன்படி நடத்துதல், பயனை மதிப்பிடுதல் என்று நான்கு படிகளை அவர்கள் வகுத்திருக்கிறார்கள். ஒருமுறை அவள் எழுதிய திட்டத்தை ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். "நோயாளர் மகிழ்ச்சியாக இருப்பார்" என்று எழுதியிருந்தாளாம். அது நல்லெண்ணமே அன்றி இலக்கு ஆகாது என்பது ஆசிரியையின் திருத்தம். வாரத்தில் மூன்று நாள், பிறர் நினைவூட்டாமலே, இருபது நிமிடம் தோட்ட வேலையில் ஈடுபடுவார் என்பதைப் போல, கண்ணால் கண்டு எண்ணிப் பார்க்கத்தக்கதாக எழுத வேண்டும். அவர் மண்ணைக் கிளறுவதால் எந்தக் கை வலுப்பெறும், நின்று வேலை செய்வதால் உடல் நிலைதவறாமல் நிற்கும் ஆற்றல் எவ்வளவு கூடும், அடுத்தவரோடு பேசுவதால் உள்ளச் சோர்வு எவ்வாறு குறையும் என்றெல்லாம் காரணம் காட்ட வேண்டும். நான் கேலி செய்த பொழுதுபோக்குக்கு இத்தனை கணக்கு இருந்தது!

நான்காண்டுப் படிப்போடு இது முடிவதில்லை. தகுதிச் சான்று பெற்ற ஒருவரின் கண்காணிப்பில், குறைந்தது பதினான்கு வாரம் இடைவிடாமல், 560 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். அதன்பின் தேசிய அளவிலான தேர்வு. 1981இல் நிறுவப்பெற்ற ஒரு தேசியக் குழு இத்தகுதியை வழங்குகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். யூட்டா, வட கரோலினா போன்ற சில மாநிலங்களில் அரசின் உரிமமும் தேவை. மனநல மருத்துவமனைகள், போரில் காயமுற்றோருக்கான மருத்துவமனைகள், குழந்தைகள் மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள் ஆகியவை இவர்களின் பணியிடங்கள். முதியோர் பராமரிப்பு இல்லங்களில், அங்கு வாழ்வோரின் விருப்பத்துக்கேற்ற செயல்களை ஏற்பாடு செய்தே ஆக வேண்டுமென்று 1987இல் இயற்றப்பட்ட சட்டம் அந்நாட்டில் உண்டு.

இவ்வெண்ணம் பெரிதும் வளர்ந்ததற்குப் போரும் ஒரு காரணம். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகெலும்பு முறிந்த வீரர்களுக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. அதன் தலைவர் லுட்விக் குட்மன், விளையாட்டைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக்கினார். 1948இல், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அந்த வித்தே இன்றைய பாராலிம்பிக் விளையாட்டுகளாகத் தழைத்திருக்கிறது.

இச்சிந்தனை நமக்கும் புதிதன்று. துருக்கியின் எதிர்னே நகரில், சுல்தான் இரண்டாம் பாயசீத் எழுப்பிய மருத்துவமனை 1488இல் கட்டி முடிக்கப்பட்டது. குவிமாடத்தின் கீழ் நீரூற்று ஒலிக்க, மனநோயாளருக்காக இசைவாணர்கள் வாரத்தில் மூன்று நாள் இசைத்தார்கள் என்று பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதிவைத்திருக்கிறார். அதற்கும் முந்திய ஒரு காட்சி நம் நெஞ்சங்களில் என்றும் உண்டு. தான் வளர்த்த சிறு பறவை இறந்ததால் வாடியிருந்த குழந்தை அபூ உமைரிடம், அப்பறவையைப் பற்றியே அன்போடு வினவினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். அக்குழந்தைக்கு உவப்பானது எதுவோ அதிலிருந்தே பேச்சைத் தொடங்கினார்கள். பேத்தியின் பாடத்திலுள்ள முதற்படியும் அதுவன்றோ!

இத்தொழிலில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். செவிலியர் பெறும் ஊதியத்தைக் காட்டிலும் இவர்களின் ஊதியம் குறைவு. மருத்துவமனையில் சிக்கனம் பேசப்படும்போது இவர்கள் பிரிவின்மீதே முதலில் கண் விழும் என்கிறாள் பேத்தி. பயிற்சிக் காலத்தில் அவளைக் கண்ட பார்வையாளர் ஒருவர், "சீட்டாடும் பெண் வந்துவிட்டாள்" என்றாராம். அன்றிரவு அவள் அழுததை என் மகள் சொல்லக் கேட்டேன். நான் சொன்ன சொல்லும் ஏறத்தாழ அதுதானே என்று என் உள்ளம் குத்திற்று.

அவள் 2023இல் பட்டம் பெற்றாள். தேர்விலும் தேறினாள், அல்ஹம்துலில்லாஹ். இப்போது முதியோர் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறாள். நோயாளரின் பெயரையோ நோயையோ வீட்டில் சொல்லமாட்டாள். அது அவர்கள் கொடுத்த அமானிதம் என்பாள். "இன்றைக்கு ஒருவர் என்னைத் திட்டினார் நன்னா" என்று மட்டும் சில நாள் தொலைபேசியில் சொல்வாள். அவள் குரலில் மகிழ்ச்சி ததும்பும். அதன் பொருள் எங்கள் இருவருக்கும் தெரியும்.

வாசக நேயர்களே, நம் பிள்ளைகள் எல்லோரும் கடல் கடந்து சென்று இதைப் படிக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. இதற்கு நெருங்கிய உறவுடைய ஆக்குபேஷனல் தெரபிக் கல்வியை 1950லேயே பம்பாயில் தொடங்கிவைத்தார் கமலா நிம்ப்கர் என்னும் பெருமாட்டி. அது நம் நாட்டிலேயே கற்கக் கிடைக்கிறது. ஆர்வமுள்ள பிள்ளைகளை, "இதுவும் ஒரு படிப்பா?" என்ற கேள்வியால் ஒடித்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயுற்றோரை அன்போடு பேணும் சமுதாயம் நம்முடையது. ஊட்டுகிறோம், குளிப்பாட்டுகிறோம், துஆச் செய்கிறோம். ஆனால் அந்த அன்பின் மிகுதியாலேயே அவர்களின் கைகளிலிருந்து எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுகிறோம். கீரை ஆயும் தட்டையும் பூத்தொடுக்கும் நாரையும் கணக்கெழுதும் பேரேட்டையும் வாங்கிவிட்டு, "பேசாமல் இருங்கள்" என்கிறோம். அவர்களும் நம் சொற்படியே பேசாமல் ஆகிவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில், படுக்கையோடு கிடக்கும் பழைய நண்பர் ஒருவர் இருக்கிறார். வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து அவர் வீட்டுக்குச் சென்று, ஒரு மணி நேரம் பத்திரிகை படித்துக்காட்டுகிறேன். அவரால் பேச இயலாது. சென்ற வாரம் வேண்டுமென்றே ஒரு வரியைத் தாண்டிப் படித்தேன். அவர் விழிகளைத் திருப்பி என்னை முறைத்தார். நான் மன்னிப்புக் கேட்டு, அந்த வரியை மீண்டும் படித்தேன்.

அடுத்த திருமண வீட்டில் யாரேனும் என் பேத்தியின் படிப்பைப் பற்றிக் கேட்கட்டும். சோறு ஆறினாலும் பரவாயில்லை, முழுதாகவே சொல்லப்போகிறேன்.